பட்டாசு விபத்துகளும் இழப்பீட்டுச் சட்டமும்: தமிழ்நாட்டு வரலாறு

பட்டாசு விபத்து என்றதும் சிவகாசி ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் பட்டாசு செய்யும் அறை, அதை ஏற்றிச் செல்லும் வண்டி, விற்கும் கடை, வெடிக்கும் தெரு ஆகிய நான்கு இடங்களிலும் விபத்து நேர்கிறது. நான்குக்கும் வெவ்வேறு சட்டங்கள் உள்ளன. இந்தச் சட்டங்கள் ஒரே காலத்தில் ஒரே திட்டத்தின்படி எழுதப்பட்டவை அல்ல. பெரும்பாலும் ஒரு பெரிய விபத்து நடந்தபின் ஒரு விதி வந்தது. அந்த விதி மறக்கப்பட்ட இடத்தில் அடுத்த விபத்து நடந்தது. இக்கட்டுரை தமிழ்நாட்டில் பட்டாசு பரவிய வரலாற்றையும், விபத்துகள் வழியாகப் பாதுகாப்பு விதிகளும் இழப்பீட்டு உரிமைகளும் வளர்ந்த விதத்தையும், காயமடைந்தவர்களுக்கு இன்று உள்ள வழிகளையும் கூறுகிறது. தீபாவளியில் தொடங்கிக் கார்த்திகைத் தீபம் வரை பட்டாசுக் காலம் நீளும் திருவண்ணாமலை வட்டாரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

மாவளியும் வாணமும்

வெடிமருந்து வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் தீப்பொறி விளையாட்டு இருந்தது. வடதமிழ்நாட்டு ஊர்களில் கார்த்திகை நாளில் சுற்றப்படும் மாவளி அதற்குச் சான்று. ஆண் பனையின் பூக்காம்புகளைக் காயவைத்து, குழியில் மூட்டமிட்டுக் கரியாக்கி, நன்றாகப் பொடித்துத் துணியில் சுருட்டிக் கட்டுவார்கள். அச்சுருட்டைப் பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே வைத்து இறுக்கி, நீண்ட கயிற்றில் பிணைப்பார்கள். நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். கரித்தூள் காற்றில் எரிகிறது, அவ்வளவுதான். இதில் வெடியுப்போ கந்தகமோ இல்லை. மாவளியால் கொப்புளம் வரலாம், உடுத்த துணியில் ஓட்டை விழலாம். கையை இழக்கும் அபாயம் இல்லை.

வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் சேர்ந்த கருமருந்து தென்னிந்தியாவில் வாணவேடிக்கைக்குப் பயன்பட்டதற்கு விசயநகரக் காலம் முதல் சான்றுகள் உள்ளன. 1443இல் விசயநகருக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை நடந்ததைக் குறிப்பிடுகிறார். அந்த அரசின் காலத்தில்தான் திருவண்ணாமலைக் கோயிலின் இராசகோபுரப் பணி கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பட்டது. அரண்மனையிலும் கோயிலிலும் காட்டப்பட்ட வாணத்தைச் செய்தவர்கள் தொழில் அறிந்த வாணக்காரர்கள். மக்கள் தொலைவில் நின்று பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு, அதுவும் சிறுவர் கையில் பட்டாசு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். விபத்து பரவலானதும் அப்போதுதான்.

சிவகாசியும் உரிமச் சட்டமும்

பிரித்தானிய அரசு 1884இல் வெடிபொருள் சட்டத்தை இயற்றியது. வெடிபொருளைச் செய்தல், வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லல், இறக்குமதி செய்தல் ஆகிய யாவும் உரிமத்தின்கீழ் வந்தன. இச்சட்டத்தைச் செயல்படுத்த 1898இல் தொடங்கப்பட்ட அலுவலகமே இன்றைய பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தலைமையகம் நாக்பூரில் உள்ளது. 1908இல் வெடிப்பொருட்கள் சட்டம் தனியாக வந்தது. அது குண்டுவெடிப்பு போன்ற குற்றங்களைத் தண்டிப்பதற்கானது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டாசுக் கடை உரிமம் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது.

மழை பொய்த்த சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி எனத் தொழில் கிளைத்தது. 1940இல் வெளியான வெடிபொருள் விதிகள் பட்டாசு ஆலைக்கு உரிம முறையை வகுத்தன. உலகப் போரால் இறக்குமதி நின்றிருந்த காலம் அது. உள்நாட்டுப் பட்டாசுக்குச் சந்தை திறந்தது. இன்று நாட்டில் வெடிக்கப்படும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் செய்யப்படுகிறது.

உரிமம் மூன்று படிகளில் தரப்படுகிறது. சிறிய அளவுக்கு மாவட்ட நிர்வாகம், அதற்கு மேல் சென்னையிலுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், பெரிய ஆலைகளுக்கு நாக்பூர். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பன உரிமத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இதன் காரணம் எளியது. மருந்து கலக்கும்போதும் திணிக்கும்போதும் உராய்வால் தீப்பிடிக்கலாம். அதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆகவே ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை வெடிக்கக்கூடாது என்பதே விதியின் நோக்கம். பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகளில் இந்த இடைவெளியும் ஆள் எண்ணிக்கையும் மீறப்பட்டிருப்பதைத் திரும்பத் திரும்பக் காணலாம். கந்தகத்தோடு குளோரேட் உப்பைக் கலப்பது தொட்டாலே வெடிக்கும் அபாயம் உடையது என்பதால் 1992இல் ஒன்றிய அரசு அக்கலவை கொண்ட வெடிபொருட்களைத் தடைசெய்தது.

ஆலை விபத்துகளும் நீதிமன்றமும்

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்கள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1990 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு, உற்பத்தியில் நேரடியாகச் சிறுவர்களை ஈடுபடுத்தக்கூடாது என்றும், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யவேண்டும் என்றும் கூறியது. மறு ஆண்டே, 1991 ஜூலையில், சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் நடந்த ஆலை விபத்தில் 39 பேர் இறந்தார்கள். செய்தியைக் கண்ட உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பின்படி, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்தவேண்டும். குழந்தைத் தொழிலாளர் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்ததில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விபத்துக்குச் சற்று முன்னரே அந்த ஆலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளியாயின. இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். பட்டாசு எரியும் இடத்துக்குத் தீயணைப்பு வீரர் அல்லாதவர் நெருங்கக்கூடாது என்ற பாடத்தை அந்த விபத்து விட்டுச்சென்றது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த விபத்து இழப்பீட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். 20க்கும் மேற்பட்டோர் இறந்த இவ்விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக விசாரணைக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் எனவும், காயமடைந்தவர்களுக்கு உடலில் தீக்காயம் பரவிய அளவைக் கொண்டு படிப்படியாகவும் இழப்பீடு நிர்ணயித்தது. உரிமம் பெற்றவர் ஒருவர், ஆலையை நடத்துபவர் வேறொருவர் என்ற உள்குத்தகை முறை இவ்வழக்கில் வெளிப்பட்டது. அறை அறையாகக் குத்தகைக்கு விடும்போது பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஆனால் சட்டத்தின் முன் உரிமதாரர் நழுவ முடியாது.

இதற்கு அடிப்படையான நெறியும் எம். சி. மேத்தா வழக்கு ஒன்றிலிருந்து பிறந்ததே. 1985 டிசம்பரில் தில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று நிறுவினாலும் விளைந்த தீங்குக்கு முழுப்பொறுப்பு ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இது முழுப் பொறுப்பு நெறி எனப்படும். 1868இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில் உருவான நெறியில் சில விலக்குகள் உண்டு. இந்திய நெறி அவ்விலக்குகளை ஏற்பதில்லை.

கடையும் கோயில் விழாவும்

ஆலைக்கு வெளியே நடந்த விபத்துகளும் குறைவல்ல. 2009 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாள், திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடை தீப்பிடித்து 32 பேர் இறந்தார்கள். 2021 அக்டோபர் 26 அன்று, திருவண்ணாமலையை அடுத்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரத்தில் கடைவீதியிலிருந்த பட்டாசுக் கடை எரிந்து ஐவருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருப்புப் பகுதிக் கிடங்கு வெடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில் கடையும் கிடங்குமாக இருந்த கட்டடம் எரிந்தது. அங்கு இறந்தவர்களில் பலர் பண்டிகைக் கால வேலைக்காகத் தருமபுரி மாவட்டத்திலிருந்து சென்ற இளைஞர்கள்.

இவற்றில் பொதுவாகக் காணப்படுவது, மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் அளவுக்கு மீறிய இருப்பு. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13 அன்று குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். ஒரு பேட்டையே தரைமட்டமானது.

2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தற்காலிகக் கடைக்குத் தெளிவான அளவுகளைச் சொல்கின்றன. கொட்டகை எரியாத பொருளால் ஆகியிருக்கவேண்டும். கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக்கூடாது. எண்ணெய் விளக்கு, எரிவாயு விளக்கு, திறந்த நெருப்பு ஆகாது. 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டக்கூடாது. ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. கடைத்தெருவில் நிற்கும் எவரும் இவற்றைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். மீறல் கண்டால் வட்டாட்சியர், தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் மூன்றில் எதிலும் புகார் தரலாம்.

கோயில் விழா வாணவேடிக்கையின் அபாயத்தைக் கேரளம் இருமுறை கண்டது. 1952 ஜனவரியில் சபரிமலையில் வெடிமருந்து வெடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 10 விடியலில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நடந்த விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் விழாக்குழு அதை நடத்தியது. தமிழ்நாட்டில் ஊர்த் திருவிழாக்களிலும் சவ ஊர்வலங்களிலும் வெடிக்கப்படும் நாட்டுவெடி இதே வகை அபாயம் உடையது. பெட்டியோ எச்சரிக்கையோ அதில் இல்லை. செய்தவர் பெயரும் இருப்பதில்லை.

ஒலியும் நேரமும்

நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளை 1999ஆம் ஆண்டு அறிவிக்கை தடைசெய்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கக்கூடாது என 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, பேரியம் உப்புக்குத் தடை, இணையவழி விற்பனைக்குத் தடை, தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் வெடிக்க அனுமதி என்ற கட்டுப்பாடுகள் வந்தன. அதிகாலை எண்ணெய்க் குளியலோடு தீபாவளி கொண்டாடும் தமிழ்நாட்டின் வழக்கத்தை எடுத்துரைத்து மாநில அரசு முறையிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே பகிர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்ற நேரம் அப்போது வந்தது. இக்கட்டுப்பாடுகள் காற்றுக்காகவும் காதுக்காகவும் வந்தவை என்றாலும், தடை நேரத்தில் வெடித்து ஒருவருக்குக் காயம் நேர்ந்தால் அந்த மீறலே கவனக்குறைவுக்குச் சான்றாக நிற்கும்.

திருவண்ணாமலையின் பட்டாசுக் காலம்

பிற ஊர்களில் தீபாவளியோடு பட்டாசு ஓய்கிறது. திருவண்ணாமலையில் ஓய்வதில்லை. கார்த்திகையன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் தெரிந்ததும் ஊரெங்கும் வாசல்களில் அகல்விளக்கு ஏற்றப்படும், வெடியும் முழங்கும். சுற்றுக் கிராமங்களில் சொக்கப்பனை கொளுத்துவதும் மாவளி சுற்றுவதும் உண்டு. தீபாவளிக்கு வாங்கியதில் ஒரு பங்கைக் கார்த்திகைக்கு எடுத்துவைப்பது பல வீடுகளின் வழக்கம்.

இவ்வழக்கத்தில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது ஈரம். இரு பண்டிகைகளுக்கும் இடையே வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. பரணிலோ கட்டிலுக்கடியிலோ கிடந்த பட்டாசு நமுத்துப்போகிறது. நமுத்த திரி சில நேரம் அணைந்தது போலிருந்து திடீரென்று பற்றும். அணைந்ததாக எண்ணிக் குனிந்து பார்ப்பவரின் முகத்தில் வெடிக்கும். அடுப்பருகே வைத்து உலர்த்துவதும் ஆபத்து. இரண்டாவது, இழப்பீட்டைப் பற்றியது. ஒரு மாதத்துக்குப் பின் காயம் நேரும்போது கடை ரசீதும் அட்டைப்பெட்டியும் வீட்டில் இருப்பதில்லை. எந்த ஆலையின் வெடி என்பதை நிறுவ வழியில்லாமல் போகிறது.

செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் மாதச் சீட்டுக் கட்டித் தீபாவளிக்கு இனிப்போடு பட்டாசுப் பெட்டியும் பெறும் பழக்கம் இருக்கிறது. சீட்டில் வாங்குபவர் கையில் ரசீது இருப்பது அரிது. ஆனால் தவணையாகப் பணம் செலுத்தியவரும் நுகர்வோரே. பணம் கட்டியதைக் குறித்த சீட்டு அட்டையே சான்று. அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

காயங்களும் முதலுதவியும்

வெடிக்காத பட்டாசை மறுபடி பற்றவைப்பது, கையில் பிடித்து வெடிப்பது, புஸ்வாணத்தின் மேல் குனிவது, கொட்டாங்கச்சி அல்லது பாட்டிலுக்குள் வெடி வைப்பது, மறுநாள் காலையில் குப்பையில் கிடக்கும் வெடிகளைப் பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்துவது ஆகியவை சிறுவர்கள் காயமடையும் வழிகள். பாதுகாப்பானது என்று கருதப்படும் கம்பி மத்தாப்பின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியை வாளித் தண்ணீரில் போடவேண்டும். தரையில் எறிந்த கம்பியை மிதித்துச் சுட்டுக்கொள்பவர் பலர். வேட்டி, தாவணி, நைலான் ஆடை தவிர்த்துப் பருத்தி ஆடை அணிவது நல்லது.

தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். பனிக்கட்டி வேண்டாம். பேனா மை, பற்பசை, மஞ்சள், வெண்ணெய், மாவு எதையும் பூசக்கூடாது. இவை சூட்டை உள்ளே அடைப்பதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் பார்க்கவிடாமல் மறைக்கின்றன. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றவேண்டும். ஒட்டிய துணியைப் பிடுங்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும்.

கண்ணில் பட்டால் தேய்க்கக்கூடாது, அழுத்திக் கட்டக்கூடாது. காகிதக் குவளையைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். வலி குறைந்தாலும் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று விடுவதால் பார்வை போவதுண்டு. வெடித்தபின் காது அடைத்தாற்போலிருந்தால் காது மருத்துவரைக் காணவேண்டும்.

இழப்பீடு: தொழிலாளருக்கு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே இத்துறையில் முதற்படி. 2010இல் அது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கியது. இதன் சிறப்பு, முதலாளியின் தவற்றை நிறுவத் தேவையில்லை என்பது. வேலையின்போது வேலை காரணமாக விபத்து நேர்ந்தது என்பதே போதும். தினக்கூலி, தற்காலிக வேலை, ஒப்பந்த வேலை என்பன தடையல்ல. குத்தகைக்காரர் வைத்த ஆளுக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாவார். வெடிபொருளைக் கையாளும் வேலை அட்டவணையில் தனியாகவே குறிக்கப்பட்டது. எனவே கடையிலும் கிடங்கிலும் வேலை செய்பவருக்கும் உரிமை உண்டு.

இறப்புக்கு மாதக் கூலியில் 50 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கவேண்டும். முழு நிரந்தர ஊனத்துக்கு 60 விழுக்காடு. 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுக்கும் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். வயதுக் காரணி 30 வயதில் 207.98, 40 வயதில் 184.17. 40 வயதில் மாதம் 12,000 ரூபாய் ஈட்டிய ஒருவர் இறந்தால், 6,000ஐ 184.17ஆல் பெருக்க 11,05,020 ரூபாய் வரும். உறுப்பிழப்புக்கும் விழுக்காடு உண்டு: ஒரு கட்டைவிரலுக்கு 30, ஒரு கண்ணை இழந்தால் 40, முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தால் 100, முழுச் செவிடுக்கு 100. 30 வயதில் 15,000 ரூபாய் ஈட்டியவர் கட்டைவிரலை இழந்தால் 5,61,546 ரூபாய் கணக்காகும். விண்ணப்பிக்க 2 ஆண்டு அவகாசம். ஒரு மாதத்துக்குள் முதலாளி தராவிட்டால் வட்டியும் சேரும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றவர் அதன் வழியாகவே மருத்துவமும் மாதப் பயனும் பெறுவார். ஒரே காயத்துக்கு இரண்டு சட்டங்களிலும் முதலாளியிடம் கோர முடியாது. முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து வழங்கப்படும் தொகை உதவித்தொகை. அதைப் பெற்றதால் சட்டப்படியான இழப்பீட்டு உரிமை போய்விடாது. விபத்து நடந்த சில நாட்களில் ஒரு தொகையைக் கொடுத்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் முயற்சி நடந்தால் அதற்கு இணங்கக்கூடாது.

இழப்பீடு: வாங்கியவருக்கு

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பைத் தனி இயலாகக் கொண்டுள்ளது. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கையோ செய்முறைக் குறிப்போ இல்லாமை ஆகியவற்றால் காயம் நேர்ந்தால் ஆலை பொறுப்பாகும். பெட்டியில் ஆலையின் பெயர் இல்லாமல், யார் செய்தது என்று கண்டறிய முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பாவார். வாங்கியவரின் இசைவோடு அதைப் பயன்படுத்திய வீட்டாரும் நுகர்வோரே. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் கோரிக்கை நிற்காது. திரி பற்றவைத்த உடனே, விலகவும் நேரமின்றி வெடித்தது தயாரிப்புக் குறை. பாட்டிலுக்குள் வைத்து வெடித்தது தவறான பயன்பாடு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரவேண்டும். கொடுத்த விலையை வைத்தே ஆணையத்தின் எல்லையும் கட்டணமும் தீர்மானிக்கப்படுகின்றன. விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆகவே பட்டாசு வாங்கிய எவரும் செலவின்றி மாவட்டத் தலைநகரிலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இழப்பீடு: வழியில் நின்றவருக்கு

பட்டாசு வாங்காமலும் வெடிக்காமலும் தெருவில் நடந்துபோனவர் காயமடைவதே மிக வேதனையானது. அவருக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பயன்படாது. அவருக்குரிய வழிகள் வேறு.

காவல் நிலையத்தில் புகார் தரலாம். வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாளுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 288ஆம் பிரிவிலும், பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிப்பது 125ஆம் பிரிவிலும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 106ஆம் பிரிவிலும் குற்றம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். குற்றவாளி கிடைக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்க வழியுண்டு.

உரிமையியல் நீதிமன்றத்தில் வெடித்தவர் மீதோ விழா நடத்தியவர் மீதோ இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம். இறப்பு நேர்ந்தால் 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தின்கீழ் 2 ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும். ஆலை, கிடங்கு வெடித்து அக்கம்பக்கத்தார் பாதிக்கப்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை 5 ஆண்டுக்குள் அணுகலாம். போபால் பேரழிவுக்குப் பின் 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அச்சட்டம் வந்தபோது இறப்புக்கு வைத்த தொகை 25,000 ரூபாய்தான். அதனால்தான் அச்சங்குளம் வழக்கின் 20 லட்சம் முக்கியத்துவம் பெறுகிறது. அரசு அலுவலரின் கடமைத் தவறு காரணமாயின் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவும் தாக்கல் செய்யலாம்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

வைத்திருக்கவேண்டிய சான்றுகள்

எந்த வழியானாலும் வழக்கு நிற்பது சான்றில்தான். பட்டாசுச் சான்று மற்றச் சான்றுகளைப் போன்றதன்று. வெடித்தால் பொருள் அழிகிறது. காலையில் தெரு பெருக்கப்படுகிறது. ஆகவே அன்றே செய்யவேண்டியவை:

- கடை ரசீது, சீட்டு அட்டை, பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு.
- பட்டாசின் அட்டைப்பெட்டி, வெடித்த துண்டுகள், அதே பெட்டியில் மீந்தவை. மீந்தவற்றை வீட்டுக்குள் வைக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கவேண்டும்.
- இடத்தையும் காயத்தையும் நாள், நேரத்தோடு எடுத்த படங்கள். அருகிலுள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் உடனே கேட்பது.
- மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் படி. சேர்க்கும்போது எப்படி நேர்ந்தது என்பதை உள்ளபடி சொல்லவேண்டும். காவல் நிலையத்துக்குப் பயந்து விளக்குச் சாய்ந்தது, வெந்நீர் கொட்டியது என்று சொன்னால் அந்த வரியே பின்னால் வழக்கைக் கெடுக்கும்.
- முதல் தகவல் அறிக்கை, அல்லது மனு ஏற்பு ரசீது.
- சிகிச்சைச் செலவு ரசீதுகள், ஊனச் சான்றிதழ், தொழிலாளர் எனில் கூலிச் சீட்டு, வருகைப் பதிவு, உடன் வேலை செய்தவர் வாக்குமூலம்.

மதிப்பீடு

நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றில் தொழிலாளரின் உரிமை ஓரளவு வலுப்பெற்றிருக்கிறது. ஆலையில் பலர் ஒன்றாக இறக்கும்போது செய்தி வருகிறது. நீதிமன்றமும் தீர்ப்பாயமும் தாமாகவே முன்வருகின்றன. தெருவில் ஒரு பிள்ளையின் கண் போனால் அப்படி யாரும் முன்வருவதில்லை. கொடுத்தவர் உறவினர், வெடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர், விற்றவர் தெரிந்த கடைக்காரர் என்பதால் குடும்பங்கள் விதி என்று விட்டுவிடுகின்றன. ஆனால் கண்ணை இழந்த பிள்ளைக்கு வேண்டிய சிகிச்சை, படிப்பு, பின்னாளைய வேலை ஆகியவற்றின் செலவு அந்தக் குடும்பத்தோடுதான் இருக்கப்போகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அக்கேள்வியை உறவினரிடமிருந்து விலக்கி, பொருளைச் செய்த ஆலையிடமும் விற்ற கடையிடமும் கேட்க வழிசெய்கிறது. இந்த வழி இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

பள்ளிகளில் தீபாவளிக்கு முன் பாதுகாப்பு உறுதிமொழி எடுப்பதும் தீயணைப்பு வீரர்கள் செய்துகாட்டுவதும் நடைபெறுகின்றன. அவற்றோடு ரசீது வாங்குவது, பெட்டியில் ஆலையின் பெயர் பார்ப்பது, நமுத்த வெடியைத் தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துவது, காயம் நேர்ந்தால் மருத்துவமனையில் உண்மையைச் சொல்வது ஆகிய நான்கையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் விபத்தும் குறையும், நேர்ந்த விபத்துக்கு நீதியும் எளிதாகும். கார்த்திகைக்கு மாவளி சுற்றும் பழக்கம் மீண்டும் சில ஊர்களில் தளிர்த்துவருகிறது. பெரியவர் துணையோடு, திறந்த வெளியில், கூரைவீடும் வைக்கோற்போரும் இல்லாத இடத்தில் சுற்றினால் வெடியில்லாத ஒளி விளையாட்டாக அது அமையும்.